எம்.பி.பி.எஸ். விட்டு இயற்பியல் படிக்க நினைப்பவர்களுக்கு: எதை எப்போது செய்ய வேண்டும்

இரண்டாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். படித்துக்கொண்டிருந்தபோது ஓர் அக்டோபர் மாதத்தில் கல்லூரியிலிருந்து விலகினேன். இயற்பியல்தான் படிக்க வேண்டும் என்ற முடிவில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இப்போது எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன், மகிழ்ச்சியாக இருக்கிறேன். ஆனால் விலகிய முறை முழுக்கத் தவறு. அக்டோபரில் எந்தக் கல்லூரியும் இயற்பியலுக்குப் புதிதாக ஆள் சேர்ப்பதில்லை. சான்றிதழ்கள் கைக்கு வர ஐந்து மாதம் ஆயிற்று. எழுத நினைத்திருந்த நுழைவுத் தேர்வுகளுக்குப் பிளஸ் டூ முடித்து நாளாகிவிட்டது என்ற ஒரே காரணத்தால் தகுதி போயிருந்தது. வீட்டில் ஒரு முழு ஆண்டு சும்மா இருந்தேன். அந்த ஆண்டு என் அப்பாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குத் துணிவு வரவில்லை.

உங்களுக்கு அப்படி நேரக் கூடாது. தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். படித்துக்கொண்டே இயற்பியலை நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசை முக்கியம். வரிசையை மாற்றியதுதான் நான் செய்த பிழை.

1. மருத்துவம் பிடிக்கவில்லையா, இயற்பியல் பிடித்திருக்கிறதா?

இரண்டும் ஒன்றல்ல. முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்றும் சேர்ந்து ஆளை அழுத்தும். ஃபார்மலின் வாடை சட்டையை விட்டுப் போகாது. வாய்மொழித் தேர்வில் நரம்பின் கிளைகளை மறந்துவிட்டு நின்ற நாளில் உலகத்தின் எந்தப் படிப்பும் இதைவிட இனிமையாகத்தான் தோன்றும். என்னுடன் முதலாண்டில் அழுதவர்களில் பலர், வார்டுக்குப் போய் நோயாளிகளிடம் பேசத் தொடங்கியதும் வேறு ஆட்களாக மாறினார்கள். இன்று நல்ல மருத்துவர்களாக இருக்கிறார்கள்.

தேர்வில் தோற்றதற்காக மட்டும் விலக நினைத்தால் பொறுங்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி முதலாண்டுத் தேர்வுக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது ஆண்டுகளுக்குள் படிப்பை முடிக்கலாம். ஒரு தோல்வி உங்களை வெளியே தள்ளாது.

தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலையில் இருந்தால், படிப்பைப் பற்றிய முடிவை இன்று எடுக்காதீர்கள். உங்கள் மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே தெரிந்த முகங்கள் இருக்குமே என்று கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவையை அழையுங்கள், கட்டணம் இல்லை. உடம்பும் மனமும் தேறிய பிறகும் இயற்பியல் ஆசை அப்படியே இருந்தால் அடுத்த படிக்கு வாருங்கள்.

2. மூன்று மாதம் கணக்குப் போட்டுப் பாருங்கள்

கருந்துளை பற்றிய காணொளி பார்ப்பது இயற்பியல் படிப்பு ஆகாது. நாள் முழுக்கக் காகிதத்தில் கணக்குப் போடுவதும், விடை தவறி வந்தால் எந்த வரியில் குறி மாறியது என்று தேடுவதும்தான் அந்தப் படிப்பு. அதைப் பிடித்திருக்கிறதா என்று விடுதி அறையிலேயே, ஒரு ரூபாய் செலவில்லாமல் தெரிந்துகொள்ளலாம்.

என்பிடெல் தளத்தில் இயக்கவியல், மின்காந்தவியல், கணித இயற்பியல் ஆகியவற்றுக்கு ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. வாராந்திரப் பயிற்சிக் கணக்குகள் தருவார்கள். இறுதித் தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். பன்னிரண்டு வாரப் பாடம் ஒன்றை எடுத்து, ஒரு வாரத்தின் பயிற்சியைக்கூட விடாமல் முடியுங்கள். ஆறாவது வாரத்தில் விட்டுவிட்டால் அதுவும் ஒரு விடைதான்.

எனக்கு இது தெளிவான இடம் நன்றாக நினைவிருக்கிறது. மருந்தியல் உள்தேர்வுக்கு முந்தைய இரவு, தடையுறு அலைவு பற்றிய ஒரு கணக்கை அரை மணி நேரம் மட்டும் பார்க்கலாம் என்று எடுத்தேன். நிமிர்ந்தபோது மணி இரண்டு. மருந்தியல் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மறுநாள் தேர்வு மோசமாகத்தான் போயிற்று. ஆனால் அந்த இரவை எண்ணித்தான் பிறகு முடிவெடுத்தேன்.

ஒரு கலைக் கல்லூரி ஆய்வகத்தையும் ஒரு முறை போய்ப் பாருங்கள். பி.எஸ்சி. மாணவர் ஒருவரிடம் கேட்டால் அவருடைய ரெக்கார்டு நோட்டைக் காட்டுவார். ஸ்பெக்ட்ரோமீட்டர், நியூட்டன் வளையங்கள், கேரி ஃபாஸ்டர் சமனச் சுற்று, முறுக்கு ஊசல் என்று வாரந்தோறும் அளந்து, சராசரி எடுத்து, பிழை கணக்கிடுவார்கள். இதுவும் பிடிக்க வேண்டும்.

பிறகு ஆண்டுக் கணக்கு. பி.எஸ்சி. மூன்று ஆண்டு, எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு, முனைவர் பட்டத்துக்குச் சுமார் ஐந்து ஆண்டு. நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முனைவர் பட்டக் காலத்தில் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வரும். அதற்கு முன்பு ஏறக்குறைய எதுவும் வராது. உங்களுடன் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் அதற்குள் மேற்படிப்பையும் முடித்துச் சம்பாதிக்கத் தொடங்கியிருப்பார்கள். இந்த வாக்கியத்தை எழுதிச் சுவரில் ஒட்டி, ஒரு மாதம் தினமும் படித்துப் பாருங்கள்.

3. பிளஸ் டூவில் கணிதம் இருந்ததா?

பெரிய பொறி இதுதான். எம்.பி.பி.எஸ். மாணவர்களில் கணிசமானோர் தாவரவியல், விலங்கியல் எடுத்த தூய அறிவியல் பிரிவிலிருந்து வந்தவர்கள். பிளஸ் டூவில் கணிதம் இல்லை. பி.எஸ்சி. இயற்பியலுக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் பிளஸ் டூவில் இயற்பியலுடன் கணிதமும் கேட்கின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நான்காண்டு பி.எஸ். படிப்புக்கும் கணிதம் கட்டாயம்.

என் விடுதித் தோழி ஒருத்தி இதை அறியாமல், விலகல் கடிதம் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கடிதத்தைக் கிழிக்கச் சொன்னேன். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பிளஸ் டூ நிலைக் கணிதத்தைத் தனிப் பாடமாகப் பதிவு செய்து எழுத முடியும். எம்.பி.பி.எஸ். படித்துக்கொண்டே அவள் அதைத்தான் செய்தாள். ஆனால் தனியாக எழுதிய கணித மதிப்பெண்ணை நீங்கள் சேர விரும்பும் கல்லூரி ஏற்குமா என்பதை முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் ‘ஏற்போம்’ என்று சொன்னது சேர்க்கை நாளில் உதவாது.

உயிரியல், கணிதம் இரண்டும் படித்தவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம்.

4. எந்த வாசல் இன்னும் திறந்திருக்கிறது?

சில வாசல்கள் பிளஸ் டூ முடித்த ஆண்டைக் கொண்டு மூடப்படும்.

ஜேஇஇ அட்வான்ஸ்டு (ஐஐடிகளில் சேர்வதற்கான தேர்வு): பிளஸ் டூ எழுதிய ஆண்டும் அதற்கு அடுத்த ஆண்டும் மட்டும். நீட்டுக்காக ஓராண்டு காத்திருந்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவருக்கு இது முடிந்துபோன கதை. ஜேஇஇ மெயின் தேர்வுக்கு மூன்று ஆண்டு அவகாசம்.

ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்கள்): புனே, கொல்கத்தா, மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் ஆகிய ஏழு இடங்களில் ஐந்தாண்டு பி.எஸ்.–எம்.எஸ். படிப்பு. ஐஏடி என்ற தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் தலா 15 கேள்விகள், மூன்று மணி நேரம். நீட்டுக்குப் படித்தவருக்கு இந்த நான்கில் மூன்று பாடங்கள் ஏற்கெனவே தெரியும். எம்.பி.பி.எஸ். மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான தேர்வு இல்லை என்பது என் கருத்து. ஆனால் அண்மை ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்தவர்களை மட்டுமே சேர்க்கிறார்கள். எந்த ஆண்டு முதல் என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பாருங்கள். நான் தவறவிட்டது இதைத்தான். புவனேசுவரத்து நைசர் நிறுவனத்துக்கான நெஸ்ட் தேர்விலும் இதே போன்ற ஆண்டுக் கட்டுப்பாடு உண்டு.

க்யூட் (மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு): திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம், டெல்லிப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு. வயது வரம்பு இல்லை.

தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகள்: பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை, நுழைவுத் தேர்வு இல்லை. ஒரே இணையதளத்தில் விண்ணப்பம். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 2 ரூபாய் மட்டும். நான் இந்த வழியாகத்தான் சேர்ந்தேன். ‘டாக்டர் சீட்டை விட்டுவிட்டு ஊர்க் கல்லூரியிலா?’ என்று கேட்பார்கள். கேட்கட்டும். எம்.எஸ்சி.க்கு ஜாம் தேர்வு எழுதி ஐஐடிக்குப் போகும்போது பி.எஸ்சி. எங்கே படித்தீர்கள் என்று அந்தத் தேர்வு பார்ப்பதில்லை. அதற்கு வயது வரம்பும் இல்லை.

எம்.பி.பி.எஸ்.ஸில் தேறிய பாடங்களுக்கு இயற்பியலில் எந்தக் கழிவும் கிடையாது. முதலாண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

5. விலகாமல் செய்யக்கூடியவை

மூன்றாம் ஆண்டைத் தாண்டிவிட்டவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். எம்.பி.பி.எஸ். என்பது நாலரை ஆண்டும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும். இன்னும் இரண்டு ஆண்டுதான் என்றால், முடித்துவிட்டு இயற்பியலை ஒட்டி நகரும் வழிகள் இருக்கின்றன. ஐஐடி கரக்பூரில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கென்றே மூன்றாண்டு மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப முதுகலைப் படிப்பு உண்டு. ஐஐடி மெட்ராஸ் 2023இல் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பத் துறையைத் தொடங்கியிருக்கிறது. கதிரியக்கப் புற்றுநோய் மருத்துவம், அணுக்கரு மருத்துவம் ஆகிய மேற்படிப்புகளில் கதிர்வீச்சு இயற்பியல் பாடத்திலேயே வருகிறது.

ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். பட்டத்தைக் காட்டி நேரடியாக எம்.எஸ்சி. இயற்பியலில் சேர முடியாது. பட்டப்படிப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். மருத்துவ இயற்பியல் என்ற எம்.எஸ்சி.யும் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர்களுக்கானதுதான். பெயரில் மருத்துவம் இருப்பதால் ஏமாந்துவிடாதீர்கள். சார்பியலும் குவாண்டம் கோட்பாடும்தான் உங்களை இழுக்கின்றன என்றால், இந்த நடுவழிகள் உங்கள் பசியைத் தீர்க்காது.

முடிவெடுக்க நேரம் மட்டும் வேண்டும் என்றால், விலகாமல் படிப்பில் இடைவெளி விட டீன் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க முடியும். அனுமதி எழுத்தில் வரும் வரை வகுப்புக்குப் போவதை நிறுத்தாதீர்கள். சொல்லாமல் நின்றுவிட்டால் திரும்பிச் சேர்வது பெரும்பாடு.

6. கையெழுத்திட்ட பத்திரத்தைத் தேடி எடுங்கள்

சேர்க்கை நாளில் கூட்டத்தில் நின்றுகொண்டு முத்திரைத்தாளில் கையெழுத்திட்டது நினைவிருக்கிறதா? படிப்பை இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது அதிலும், நீங்கள் சேர்ந்த ஆண்டின் தகவல் தொகுப்பேட்டிலும் இருக்கும். இந்தத் தொகை ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது. சீனியர் சொன்ன தொகையை நம்பாதீர்கள். கலந்தாய்வு முடிந்த பிறகு காலியாகும் இடத்தில் வேறொருவரைச் சேர்க்க முடியாது, அதனால்தான் இந்தத் தண்டத் தொகை. அந்த இடத்துக்காக ஏங்கியவர்களை நினைத்தால் அதைக் கட்டுவதில் எனக்கு வருத்தம் இல்லை.

சுயநிதிக் கல்லூரியில் வேறு சிக்கல். மீதி ஆண்டுகளின் கட்டணத்தையும் கேட்பார்கள். 2003இல் உச்ச நீதிமன்றம் இஸ்லாமிக் அகாடமி வழக்கில், ஓராண்டுக் கட்டணத்துக்கு மேல் முன்கூட்டி வாங்கக் கூடாது என்றது. ஆனால் மாணவர் இடையில் விலகினால் மீதியைச் செலுத்துவதற்கான பத்திரமோ வங்கி உத்தரவாதமோ கல்லூரி கேட்கலாம் என்பதையும் அதே தீர்ப்பு அனுமதித்தது. எனவே நீங்கள் எழுதிக் கொடுத்தது என்ன என்பதைப் பொறுத்தே எல்லாம். பெரிய தொகை என்றால் ஒரு வழக்கறிஞரிடம் பத்திரத்தைக் காட்டாமல் விலகல் கடிதம் கொடுக்காதீர்கள்.

கல்விக் கடன் இருந்தால் வங்கிக் கிளைக்கு நேரில் போங்கள். படிப்பு நின்றால் திருப்பிச் செலுத்தும் காலம் முன்னதாகவே தொடங்கிவிடும். மேலாளர் அதைக் கல்லூரி வழியாகத் தெரிந்துகொள்வதைவிட உங்கள் வாயால் தெரிந்துகொள்வது நல்லது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களே, உங்கள் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பி.எஸ்சி. செலவைத் தனியாகக் கணக்கிடுங்கள். அரசுக் கலைக் கல்லூரியில் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்களைத் தாண்டாது. விடுதியும் சாப்பாடும்தான் பெரிய செலவு.

7. வீட்டில் சொல்வது

தேர்வு முடிவு வந்த நாளிலோ சண்டையின் நடுவிலோ சொல்லாதீர்கள். நான் தொலைபேசியில் சொன்னேன், அம்மா பாதியில் வைத்துவிட்டார். நேரில் போய், ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு பேசுங்கள். எந்தக் கல்லூரி, எத்தனை ஆண்டு, எவ்வளவு செலவு, தண்டம் எவ்வளவு, எப்போது சம்பாதிப்பேன், எதுவும் சரிவராவிட்டால் என்ன செய்வேன். என் அப்பா கடைசியில் சம்மதித்தது நான் அழுததால் அல்ல. மூன்று மாதம் போட்ட கணக்கு நோட்டுகளை அவர் முன் வைத்தேன். அவருக்கு அதில் ஒரு வரியும் புரியவில்லை. பக்கங்களை மட்டும் கடைசி வரை புரட்டினார். “இவ்வளவையும் யார் சொல்லிச் செய்தாய்?” என்று கேட்டார்.

மாமாவும் சித்தப்பாவும் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த வேலையைப் பெற்றோரே பார்த்துக்கொள்வார்கள், அவர்கள் உங்கள் பக்கம் வந்த பிறகு.

8. ஆவணங்கள்

சேரும்போது அசல்களை எல்லாம் கல்லூரி வாங்கி வைத்துக்கொண்டிருக்கும். திரும்பப் பெற வேண்டியவை: பத்தாம், பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ். புதிதாகக் கேட்டு வாங்க வேண்டியவை: படிப்பை விட்டதைக் குறிப்பிடும் மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், வேறு பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கான இடப்பெயர்வுச் சான்றிதழ். கடைசியில் சொன்னதைக் கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்தான் தரும், கல்லூரி அல்ல. பள்ளியில் வாங்கிய பழைய மாற்றுச் சான்றிதழ் இனி செல்லாது, கல்லூரி தரும் புதியதுதான் வேண்டும்.

இவற்றுக்கு முன் நிலுவை எதுவும் இல்லை என்ற படிவத்தில் நூலகம், விடுதி, ஆய்வகங்கள், ஒவ்வொரு துறை என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். எனக்கு இதற்கே மூன்று வாரம் ஆயிற்று. ஒரு துறைத் தலைவர் விடுப்பில் இருந்தார், விடுதியில் பழைய உணவுக் கட்டணம் பாக்கி என்றார்கள். பிறகு என் கோப்பு மேலிடத்துக்குப் போய்ப் பல வாரம் அசையவில்லை. கடிதம் கொடுக்கும்போதெல்லாம் ஒரு நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். முத்திரையுள்ள நகல் இருந்தால் ‘உங்கள் கடிதம் வரவே இல்லை’ என்ற பேச்சு எழாது.

பணத் தகராறுக்காகக் கல்லூரி அசல்களைப் பிடித்து வைத்தால், சான்றிதழ்கள் அடகுப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருப்பதைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். சண்டை போடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

டிஜிலாக்கரில் மதிப்பெண் சான்றிதழ்களை இன்றே இறக்கி வையுங்கள். விண்ணப்பிக்க அவை போதும். அசல் கேட்பது சேர்க்கை நாளில்தான்.

9. மாத வரிசை

ஜனவரி முதல் மார்ச் வரை கல்லூரிக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டே நுழைவுத் தேர்வு அறிவிப்புகளைப் பாருங்கள். ஐசர் விண்ணப்பம் பெரும்பாலும் மார்ச்சை ஒட்டி வரும், க்யூட் விண்ணப்பம் சில ஆண்டுகளில் அதற்கு முன்பே வந்துவிடும். தேர்வுகள் மே, ஜூனில். பிளஸ் டூ முடிவு வெளிவரும் மே மாதத்தில் அரசு கலைக் கல்லூரி விண்ணப்பமும் திறக்கும். எந்த நுழைவுத் தேர்வை எழுதினாலும் இதையும் போட்டு வையுங்கள், 50 ரூபாய்தான்.

இதற்கிடையில் ஏப்ரலில் அலுவலகக் கண்காணிப்பாளரிடம் போய், விலகினால் சான்றிதழ் கிடைக்க எத்தனை நாள் ஆகும், தொகையை எந்தப் பெயரில் வரைவோலை எடுக்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். கடிதம் கொடுக்காதீர்கள். இயற்பியல் இடம் உறுதியாகி ஒதுக்கீட்டு ஆணை கையில் வந்த அன்று விலகல் கடிதம், வரைவோலை, நிலுவைப் படிவம் மூன்றையும் ஒன்றாகக் கொடுங்கள். புதிய கல்லூரியில் முத்திரையுள்ள நகலைக் காட்டி, மாற்றுச் சான்றிதழ் தர அவகாசம் கேட்டு எழுதிக் கொடுங்கள். என் வகுப்பில் இருவர் இப்படிச் சேர்ந்தார்கள்.

மருத்துவத்துக்கே திரும்ப நேர்ந்தால் மறுபடி நீட் எழுதித்தான் வர வேண்டும். 2022இல் வயது உச்சவரம்பை நீக்கிவிட்டார்கள், எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் விட்டுப் போன அதே இடம் கிடைக்காது.

10. சேர்ந்த பிறகு

உடன் படிப்பவர்கள் இரண்டு, மூன்று வயது இளையவர்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும். அதைவிடக் கவனிக்க வேண்டியது கணிதம். இரண்டு ஆண்டு மனப்பாடத்திலேயே போன கைக்கு வகையீடும் தொகையீடும் தடுமாறும். மே, ஜூன் மாதங்களில் பிளஸ் டூ கணிதப் புத்தகத்தின் பயிற்சிகளை முதல் பக்கத்திலிருந்து போட்டு முடியுங்கள். பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது.

எலும்புத் தொகுப்பையும் உடற்கூறியல் புத்தகங்களையும் அலமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள். புதிய முதலாண்டு மாணவர்கள் விடுதிக்கு வரும் வாரத்தில் அவற்றுக்கு நல்ல விலை கிடைக்கும். நான் அந்தப் பணத்தில்தான் முதல் பருவக் கட்டணத்தைக் கட்டினேன்.